கையெழுத்து போட்டால் பங்கேற்பு ஆகிவிடுமா?

எந்த வறுமை ஒழிப்புத் திட்டத்தின் கோப்பைப் பிரித்தாலும் வருகைப் பதிவேடு ஒன்று இருக்கும். 'மக்கள் பங்கேற்பு' என்று அதைத்தான் நீட்டுவார்கள். ஆனால் கேட்க வேண்டியது வேறு: பயனாளிப் பட்டியலை யார் போட்டது? போட்டதை மாற்றும் உரிமை யாரிடம் இருந்தது?

அமெரிக்காவில் 1964-இல் வந்த பொருளாதார வாய்ப்புச் சட்டம், வறுமை ஒழிப்புப் பணியில் அந்தந்தப் பகுதி மக்கள் இயன்றவரை முழு அளவில் பங்கேற்க வேண்டும் என்றது. எந்த அளவு என்று சொல்லாமல் விட்டதால் மேயர்களுக்கும் குடியிருப்பு மக்களுக்கும் இழுபறி. 1969-இல் அமெரிக்கக் கொள்கை ஆய்வாளர் ஷெர்ரி ஆர்ன்ஸ்டைன் பங்கேற்பை எட்டுப் படி ஏணியாக வரைந்தார். தகவல் சொல்வதும் கருத்துக் கேட்பதும் அதில் வெறும் ஒப்புக்கான படிகள். இன்று அந்நாட்டில் வறுமை ஒழிப்புப் பணிகளை உள்ளூரில் நடத்தும் சமூகச் செயல் நிறுவனங்களின் நிர்வாகக் குழுவில் மூன்றில் ஒரு பங்காவது ஏழை மக்களின் சார்பில் தேர்ந்தெடுக்கப்பட்ட பிரதிநிதிகளாக இருந்தாக வேண்டும். எண்ணிக்கை முக்கியம்தான். பெரிய மனிதர்கள் நடுவே தனியாக உட்கார்த்தி வைத்த ஒருவர் தலையைத்தான் ஆட்டுவார்.

பட்டியலுக்கு அட்டை முறை நல்லது. வீட்டுக்கு ஓர் அட்டை. ஊரை நன்கு அறிந்த மூன்று பேர், ஒருவர் செய்வதை மற்றவர் பார்க்காமல், வசதியிலிருந்து வறுமைக்கு அடுக்குகளாகப் பிரிக்க வேண்டும். மூவரில் ஒருவராவது பெண்ணாக இருக்கட்டும். அடுக்கின் எண்ணை மொத்த அடுக்குகளால் வகுத்து நூறால் பெருக்கினால் மதிப்பெண்; அது கூடினால் வறுமை அதிகம். ஒரே வீட்டை ஒருவர் நான்கில் மூன்றாவதாக வைத்தார்: 75. அடுத்தவர் ஐந்தில் நான்காவது: 80. மூன்றாமவர் நான்கில் முதலாவது: 25. சராசரி 60 என்று எழுதிவிட்டு நகர்வதுதான் வழக்கமான தவறு. இவ்வளவு இடைவெளி இருந்தால் அந்த வீட்டுக்கு நேரில் போக வேண்டும். சுவர் பூசிய வீடாக இருக்கும். சம்பாதித்தவர் படுக்கையில் கிடப்பார். வெளியிலிருந்து பார்த்தவர் சுவரைத்தான் பார்த்திருப்பார்.

கூட்டத்திலேயே வரிசைப்படுத்துவதானால் களைப்பையும் கணக்கில் எடுங்கள். இந்தோனேசியாவில் 640 ஊர்களில் நடத்திய ஆய்வில், கூட்டத்தின் தொடக்கத்தில் பேசப்பட்ட வீடுகளை மக்கள் சரியாக இனங்கண்டார்கள். நேரம் போகப் போகப் பிழை கூடியது. ஆனாலும் சொத்து விவரங்களை வைத்து அதிகாரிகள் போட்ட பட்டியலைவிட ஊர் போட்ட பட்டியலில்தான் மக்களுக்குத் திருப்தி அதிகம். ஆகவே வீடுகளைக் குலுக்கல் முறையில் எடுங்கள், நடுவே இடைவெளி விடுங்கள், ஊர் பெரிதென்றால் தெருவாரியாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, நேரம். பகல் பதினொரு மணிக்குக் கூட்டம் வைத்தால் கூலிக்குப் போகிறவர் வரமாட்டார். வந்தால் அன்றைய கூலி போச்சு. மாலையில் வையுங்கள், குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆளையும் போடுங்கள். முடியாதென்றால் இழந்த கூலியைத் திட்டச் செலவிலேயே சேர்த்துவிடலாம். நிர்வாகக் குழுக் கூட்டத்துக்கு முந்தைய நாள் ஏழைப் பிரதிநிதிகளோடு மட்டும் உட்கார்ந்து, நிகழ்ச்சி நிரலையும் வரவுசெலவையும் வாய்விட்டுப் படித்துக் காட்டுவது பெரிய வித்தியாசம் தரும்.

தீர்மானத்தைக் கையெழுத்துக்கு முன்பே சத்தமாக வாசியுங்கள், பிறகல்ல. பட்டியலை அலுவலகச் சுவரில் ஒட்டினால் போதாது. மக்கள் தண்ணீர் எடுக்கிற இடத்திலும் ஒட்டுங்கள். விடுபட்டவர் முறையிட இரண்டு வாரமாவது கொடுங்கள். அந்த முறையீட்டை, பட்டியல் போட்ட அதே மூவர் விசாரிக்கக் கூடாது.