லூப் வட்டின் வருகையை லினக்ஸ் ஏன் சொல்லாமல் விட்டது?

தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கத்து ஸ்டுடியோக்காரர்கள் பழுதான மெமரி கார்டைக் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடைக்குக் கொண்டுவந்து, கல்யாணப் படங்களை எப்படியாவது மீட்டுத் தரச் சொல்வதுண்டு. விவரம் தெரிந்த மெக்கானிக் மூலக் கார்டில் கைவைக்க மாட்டார். அதில் உள்ளதை ஒரு கோப்பாக நகலெடுத்து, லினக்ஸ் இயங்குதளத்தில் அந்தக் கோப்பையே ஒரு வட்டைப் போல இணைத்து, அதன்மேல்தான் வேலை செய்வார். கோப்பை வட்டாகக் காட்டும் பகுதி லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலில் இருக்கிறது. அதற்கு லூப் டிரைவர் என்றும், அப்படித் தோன்றும் வட்டுக்கு லூப் வட்டு என்றும் பெயர். கார்டு முழுவதையும் நகலெடுத்த கோப்பை, பார்ட்டிஷன்களையும் (வட்டைப் பிரித்த பகுதிகளையும்) தேடும்படி சொல்லி இணைத்தால் எல்லாம் ஒழுங்காக நடக்கும். ஒரே ஒரு பார்ட்டிஷனை மட்டும் நகலெடுத்த கோப்பை இணைக்கும்போதோ, கட்டளை பிழையின்றி முடிந்த பிறகும், வட்டின் லேபிள் பெயரில் உருவாக வேண்டிய குறுக்கு இணைப்பு (அந்த வட்டைச் சுட்டும் மாற்றுப் பெயர்) வராமல் போகலாம். இந்த வேறுபாட்டுக்கான காரணம் கார்டிலோ கோப்பிலோ இல்லை. கெர்னல் அனுப்பாமல் விட்ட ஓர் அறிவிப்பில் இருந்தது.

லினக்ஸ் கெர்னல் ஒரு சாதனத்தைக் கண்டாலோ, அதன் நிலை மாறினாலோ, அது நீக்கப்பட்டாலோ, 'சேர்ப்பு', 'மாற்றம்', 'நீக்கம்' என்ற வகைகளில் ஒரு சிறிய செய்தியை கெர்னலிலிருந்து நிரல்களுக்குச் செய்தி போகும் நெட்லிங்க் என்னும் வழியாக வெளியிடுகிறது. இதற்கு யூஈவென்ட் என்று பெயர். 2003இல் அறிமுகமான யூடெவ் என்னும் பின்னணி நிரல் இச்செய்தியைக் கேட்டுக்கொண்டே இருந்து, செய்தி வந்ததும் வட்டைத் திறந்து, அதில் எந்தக் கோப்பு முறைமை உள்ளது, லேபிள் என்ன, அடையாள எண் என்ன என்று படித்து, அந்தப் பெயர்களில் குறுக்கு இணைப்புகளை உருவாக்குகிறது. லூப் வட்டுகளின் பெயர்கள் பெரும்பாலும் முன்கூட்டியே இருப்பவை. கோப்பு இணைக்கப்படும் வரை அவை வெறுமையாக இருக்கும். ஆகவே அவற்றைப் பொறுத்தவரை 'சேர்ப்பு' செய்தியைவிட 'மாற்றம்' என்ற செய்திதான் முக்கியம். அது வராவிட்டால் வட்டுக்குள் ஏதோ வந்திருக்கிறது என்பதே யூடெவ்வுக்குத் தெரியாது.

2020இல் வெளியான 5.8 கெர்னலில், லூப் வட்டை ஒரே அழைப்பில் முழுமையாக அமைக்கும் வசதி சேர்ந்தது. அதற்கு முன்பு கோப்பை இணைப்பதும், கோப்பில் வட்டு தொடங்கும் இடம் போன்ற விவரங்களைக் கொடுப்பதும் தனித்தனி அழைப்புகளாக இருந்தன. அமைப்பு பாதியில் இருக்கும்போதே செய்தி வெளியே போனால் யூடெவ் அரைகுறையான வட்டைத் திறந்து பார்த்துவிடும் என்பதால், பின்னர் வந்த ஒரு மாற்றத்தின்படி, வேலை முடியும்வரை டிரைவர் அந்த வட்டின் யூஈவென்டுகளை அடக்கி வைத்தது. எண்ணம் சரியானதே. ஆனால் அடக்கத்தை நீக்கியதும் அதுவரை சேர்ந்திருந்த செய்திகள் தாமாக வெளியேறும் என்ற எதிர்பார்ப்பு அந்த நிரலிலும் அதன் குறிப்புரையிலும் தெரிந்தது. உண்மையில் எதுவும் சேர்ந்திருக்கவில்லை. தருமபுரி பேருந்து நிலையத்தில் மைக்கை அணைத்துவிட்டுச் 'சேலம் வண்டி தயார்' என்று சொன்னால், பிறகு மைக்கைப் போட்டதும் அந்தக் குரல் ஒலிபெருக்கியில் கேட்கப்போவதில்லை.

செய்தி அனுப்பும் கெர்னல் செயல்கூறு, அந்தச் சாதனத்தின் அடக்கக் குறி இயக்கத்தில் இருந்தால், பிழைத்திருத்தத்துக்கான ஒரு குறிப்பை மட்டும் எழுதிவிட்டுச் சுழியத்தைத் திருப்பித் தருகிறது. கெர்னலில் சுழியம் என்றால் வெற்றி. ஆகவே அழைத்தவருக்குப் பிழை ஏதும் தெரிவதில்லை. ஒவ்வொரு யூஈவென்டுக்கும் ஒரு வரிசை எண் உண்டு என்றாலும், அந்த எண் வழங்கப்படுவதற்கு முன்பே செய்தி கைவிடப்படுவதால் எண்களில் இடைவெளியும் விழாது. கேட்கும் பக்கத்திலிருந்து இந்த இழப்பைக் கண்டுபிடிக்க வழியே இல்லை. அடக்கப்படுவதைப் பிழையாகக் கருதாதது ஏற்கத்தக்க முடிவுதான் என்றாலும், அடக்கியவர் பின்னர் தாமே அறிவிக்க வேண்டும் என்ற கடமை அதில் மறைந்திருக்கிறது. புதிய வட்டுகளைப் பதிவு செய்யும் கெர்னலின் பொதுப் பகுதி இதைச் சரியாகவே செய்கிறது: பார்ட்டிஷன்களைத் தேடும்வரை அடக்குகிறது, பின்னர் அடக்கத்தை நீக்கி, வட்டுக்கும் ஒவ்வொரு பார்ட்டிஷனுக்கும் 'சேர்ப்பு' செய்தியைத் தானே அனுப்புகிறது.

பார்ட்டிஷன் உள்ள கோப்புகளில் இந்தக் குறை வெளிப்படாததற்குக் காரணமும் இங்கேதான். பார்ட்டிஷன் தேடல் அடக்கம் நீங்கிய பிறகு நடக்கிறது. அதில் பார்ட்டிஷன் கிடைத்தால் தாய் வட்டுக்கும் 'மாற்றம்' செய்தி போய்விடும். போதாததற்கு, எழுதுவதற்காகத் திறந்த வட்டு மூடப்படும்போது யூடெவ் தானாகவே ஒரு 'மாற்றம்' நிகழ்வை உண்டாக்கும் ஏற்பாடும் இருக்கிறது. இது குறையைச் சில நேரங்களில் மூடி மறைத்துவிடும். எப்போதும் தோற்காமல் எப்போதாவது மட்டும் தோற்கும் பிழைகளே ஆண்டுக்கணக்கில் தப்பிப் பிழைக்கின்றன.

2025இல் முன்வைக்கப்பட்ட திருத்தம் மிகச் சிறியது. அடக்கத்தை நீக்கிய பிறகு, வட்டுக்கான 'மாற்றம்' செய்தியை டிரைவர் வெளிப்படையாக அனுப்புகிறது. குழப்பம் தந்த குறிப்புரையும் நீக்கப்பட்டது. செய்தி வருகிறதா என்று பார்க்க, யூடெவ்வை இயக்கிப் பார்க்க உதவும் யூடெவ்ஏடிஎம் (udevadm) கருவியின் கண்காணிப்புக் கட்டளையை ஒரு முனையத்தில் ஓடவிட்டு, மற்றொன்றில் பார்ட்டிஷன் இல்லாத கோப்பை இணைத்தால் போதும்: கெர்னல் அனுப்பியது ஒரு வரியாகவும், யூடெவ் கையாண்டு முடித்தது மற்றொரு வரியாகவும் தோன்றும். பழைய கெர்னலோடு வேலை செய்பவர்கள், அதே கருவியின் தூண்டல் கட்டளையை அந்த லூப் வட்டின் பெயரோடு கொடுக்கலாம். அது சிஸ்எஃப்எஸ்ஸில் (சாதனங்களின் விவரங்களைக் கெர்னல் கோப்புகளாகக் காட்டும் இடம்) உள்ள யூஈவென்ட் கோப்பில் 'மாற்றம்' என்பதைக் குறிக்கும் சொல்லை எழுதி, கெர்னலை மீண்டும் அறிவிக்க வைக்கிறது.