தண்டையார்பேட்டை மாடியில் தக்காளி சிவக்க

சித்திரை மாதம், பகல் ஒரு மணி. எங்கள் மொட்டை மாடியில் தக்காளிக்குப் பசுமைக்குடில் அமைக்க, எட்டுக்கு ஆறடியில் பிவிசி குழாய்களை நிறுத்தி, பளிங்கு போன்ற பாலிதீன் தாளை நாலு பக்கமும் இழுத்துக் கட்டியிருந்தேன். வெளியே நிழலில் 37 டிகிரி செல்சியஸ். உள்ளே தொங்கிய வெப்பமானியில் 48. தக்காளி இலைகள் விளிம்பு சுருண்டு நின்றன. மஞ்சள் பூக்கள் காம்புக் கணுவிலேயே ஒடிந்து பைகளைச் சுற்றி உதிர்ந்து கிடந்தன. துணி காயப்போட வந்த பக்கத்து வீட்டு அக்கா, தாளை விலக்கி உள்ளே கையை விட்டுப் பார்த்தார். "இன்னாமா இது, இட்லி குண்டான் மாரி கீது? செடி வெந்துரும்மா" என்றார்.

அவர் சொன்னது அப்பட்டமான இயற்பியல். பசுமைக்குடில் ஏன் சூடாகிறது என்று கேட்டால் பள்ளியில் படித்த பதில்தான் பலருக்கும் வரும்: வெயில் கண்ணாடி வழியே உள்ளே நுழைகிறது, உள்ளிருந்து கிளம்பும் அகச்சிவப்புக் கதிரை, அதாவது கண்ணுக்குத் தெரியாத வெப்பக் கதிரை, கண்ணாடி வெளியே விடுவதில்லை, சூடு தங்கிவிடுகிறது. 1909இல் ராபர்ட் வுட் என்ற அமெரிக்க இயற்பியலாளர் இதைச் சோதித்துப் பார்த்தார். இரண்டு பெட்டிகள். ஒன்றுக்குக் கண்ணாடி மூடி, இன்னொன்றுக்கு அகச்சிவப்பைத் தாராளமாக வெளியே விடும் பாறை உப்புத் தகடு. இரண்டுக்கும் ஒரே மாதிரி வெயில் விழும்படி வைத்ததும், இரண்டும் கிட்டத்தட்ட ஒரே அளவுதான் சூடேறின. அப்படியானால் குடிலைச் சூடாக்குவதில் கதிருக்கு உள்ள பங்கு சிறியது. சூடான காற்று மேலே ஏறிப் போக வழியில்லாமல் அடைபடுவதே முக்கியக் காரணம். என் மாடியிலும் அதற்குச் சாட்சி இருந்தது. சாதாரண பாலிதீன் தாள் அகச்சிவப்பைப் பெரிதாகத் தடுப்பதே இல்லை; ஆனாலும் உள்ளே 48 டிகிரி.

குளிர் நாடுகளில் காற்றை அடைத்துச் சூடு சேர்க்கத்தான் குடில் கட்டினார்கள். சென்னை நுங்கம்பாக்கத்தில் 2003 மே 31 அன்று 45 டிகிரி பதிவானது. இப்படிப்பட்ட ஊரில் குடிலுக்கு நேர் எதிரான வேலை: வெயிலைப் பாதியாகக் குறைக்க வேண்டும், காற்றைத் தடுக்கவே கூடாது. அன்று சாயங்காலமே தாளை அவிழ்த்துச் சுருட்டி வைத்துவிட்டு, 50 சதவீதப் பச்சை நிழல் வலையை மேலே மட்டும் கட்டினேன்.

பாதி வெயில் எவ்வளவு பெரிய உதவி என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. உச்சி வெயிலில் ஒரு சதுர மீட்டர் இடத்தில் சுமார் 1,000 வாட் ஆற்றல் விழுகிறது. ஒரு மணி நேரத்தில் 36 லட்சம் ஜூல். இலை தன்னைக் குளிரவைத்துக்கொள்வது நம் வியர்வை போலத்தான், இலைத்துளை வழியே நீரை ஆவியாக்கி. ஒரு கிராம் நீர் ஆவியாகும்போது சுமார் 2,400 ஜூல் வெப்பத்தைக் கொண்டுபோகும். விழும் வெப்பம் முழுவதையும் இப்படியே வெளியேற்றுவதென்றால், மணிக்கு ஒன்றரை லிட்டர் நீரை அந்தச் சதுர மீட்டரிலுள்ள செடிகள் விட வேண்டும். குரோ பேக் எனும் செடிப் பையில் உள்ள வேர்களால் அது முடியாது. நீர் போதாதபோது செடி இலைத்துளைகளை மூடிக்கொள்ளும். குளிர்ச்சி நின்றுபோகும், கரியமில வாயு உள்ளே வருவதும் நின்றுபோகும். வலை பாதி வெயிலைத் தடுத்தால் இந்தச் சுமையும் பாதியாகிறது.

வடசென்னையில் இன்னொரு சிக்கல், கடல் ஈரம். காற்றில் ஏற்கெனவே ஈரம் மிகுந்திருந்தால் இலையிலிருந்து நீர் ஆவியாவது மந்தமாகும். புழுக்கமான நாளில் நம் வியர்வை காயாமல் உடம்போடு ஒட்டிக்கிடக்குமே, அதே கதை. அப்போது விசிறி போட்டால் இதமாக இருக்கிறது. செடிக்கு விசிறி கடற்காற்று. நண்பகல் வாக்கில் காசிமேட்டுப் பக்கமிருந்து அது கிளம்பும். அதனால் என் குடிலின் கிழக்குப் பக்கம் எப்போதும் திறந்தே இருக்கும். வெள்ளை ஈ வந்து இலைச்சுருட்டு வைரஸைப் பரப்புமே என்று பலர் நுண்வலையால் சுற்றி அடைக்கிறார்கள். நான் அதை விரும்புவதில்லை. மஞ்சள் ஒட்டும் அட்டையைத் தொங்கவிட்டு, காற்றை விட்டுவிடுவதே இங்கே நல்லது என்பது என் அனுபவம்.

எல்லாச் செடிக்கும் வலை தேவையில்லை. தக்காளி, மிளகாய், கத்திரி இலைகளில் கரியமில வாயுவைப் பிடிக்கும் ரூபிஸ்கோ என்ற நொதி, சூடு ஏற ஏறத் தடுமாறி ஆக்சிஜனையும் பிடித்துவிடும். சேர்த்த சர்க்கரையில் ஒரு பங்கு வீணாகும். தண்டுக்கீரையும் சிறுகீரையும் அப்படியல்ல. அவை கரியமில வாயுவை முதலில் வேறொரு நொதியால் பிடித்து, உள்ளறையில் செறிவாகச் சேர்த்து, அதற்குப் பிறகுதான் ரூபிஸ்கோவிடம் கொடுக்கின்றன. அங்கே ஆக்சிஜன் குறுக்கிட வழியில்லை. ஆகவே கீரைத் தொட்டிகளை வலைக்கு வெளியே வெயிலில் வைத்துவிட்டேன். நிழலில் வைத்தால் அவைதான் நோஞ்சானாகும்.

ஆனால் வலையால் தீராத ஒன்று உண்டு: இரவுச் சூடு. தக்காளியின் மகரந்தத்துக்கு இரவில் 24 டிகிரிக்கு மேல் போனாலே சிரமம், காய்ப்பிடிப்பு குறையும். சித்திரை, வைகாசி இரவுகளில் இங்கே அதற்குக் கீழே இறங்குவதே அபூர்வம். எனக்குப் பூ உதிர்ந்ததில் பாலிதீன் தாளுக்குப் பாதிப் பங்கு, மாதத்துக்குப் பாதிப் பங்கு. இப்போது புரட்டாசியில் விதைக்கிறேன். பூக்கும்போது மார்கழி வந்துவிடும், இரவு 22 டிகிரி வாக்கில் இருக்கும். இடையில் ஐப்பசி, கார்த்திகை அடைமழை. வலை மழையைத் தடுக்காது, பையில் மண் கரைந்து வேர் அழுகும். சுருட்டி வைத்த பாலிதீன் தாள் அப்போது கூரைக்கு ஏறுகிறது, நாலு பக்கமும் திறந்தபடி.

பூத்த பிறகு ஒரு கைவேலை. தக்காளியின் மகரந்தப் பைகள் குழல்போல ஒட்டியிருக்கும், அதிர்ந்தால்தான் பொடி கொட்டும். கருவண்டு வந்து ரீங்கரித்தால் அது தானாக நடக்கும். மாடிக்கு வண்டு வராத நாளில், காலை பத்து மணி வாக்கில் பூங்கொத்தை விரலால் நாலு தடவை சுண்டுவேன்.

தண்ணீர் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் தெருவில் அடிபம்புத் தண்ணீர் உப்பு. ஆர்.ஓ. கருவி கழிக்கும் நீரும் உப்பு செறிந்ததே. செடி நீரை மட்டும்தான் ஆவியாக்கும், உப்பு பையிலேயே தங்கும். பையின் வெளிப்புறம் வெள்ளையாகப் பூத்தால் அதுதான் அடையாளம். மெட்ரோ தண்ணீர் வரும் நாளில் அடித்துளை வழியே வடியும்வரை ஊற்றிக் கழுவிவிடுகிறேன்.

தை மாதம் காய் நுனியில் இளஞ்சிவப்பு தட்டியதும் பறித்துவிடலாம். மீதிப் பழுப்பை, காயே வெளிவிடும் எத்திலீன் என்ற பழுக்க வைக்கும் வாயு பார்த்துக்கொள்ளும். வெயில் ஏறிய மாசியில் இது இன்னும் அவசியம்: 30 டிகிரியைத் தாண்டினால் சிவப்பு தரும் லைகோபீன் உருவாவது மங்கும், மஞ்சள் தரும் கரோட்டின் மட்டும் தொடரும். செடியிலேயே விட்ட பழம் ஆரஞ்சு நிறத்திலேயே நின்றுவிடுவது அதனால்தான். சமையலறை நிழலில் மூங்கில் கூடையில் பரப்பினால் நன்றாகச் சிவக்கும். ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள், 12 டிகிரிக்குக் கீழே மணம் தரும் பொருள்கள் உருவாவது அடங்கிவிடும்.

கூடை நிறைந்த அன்று தொக்கு. லைகோபீன் நீரில் கரையாது, எண்ணெயில் கரையும். வதக்கும்போது பழத்தின் செல் சுவர்கள் உடைந்து அது வெளியே வரும், உடம்பும் பச்சைப் பழத்தைவிட இதிலிருந்து கூடுதலாக எடுத்துக்கொள்ளும். அக்கா பக்கத்தில் நின்று, "மொளகாத்தூள் இப்ப போடாத, அது பிரியட்டும்" என்பார். நல்லெண்ணெய் வாணலியின் ஓரமாகப் பிரிந்து வரும். தூள் போடும் முன்பே அது செந்நிறமாக இருக்கும்.