பத்து எலக்ட்ரோடு, ஒரே தடவை

இதயத்தின் மின்துடிப்பைத் தாளில் கோடாகப் பதிவது இசிஜி. அதற்கு, தோலில் ஒட்டும் எலக்ட்ரோடுகள் பத்து போதும். கோடு சரியில்லை என்று பிய்த்துப் பிய்த்து ஒட்டினால் இருபதாகிவிடும். சிங்கப்பூரில் அடுக்குமாடி வீடுகளின் கீழ்த்தளத்தில் இயங்கும் சிறிய கிளினிக்குகளுக்கும் வெளிநாட்டு ஊழியர்களுக்கான இலவச மருத்துவ முகாம்களுக்கும் இது பெரிய இழப்பு. பெரும்பாலும் கோளாறு கருவியில் இருக்காது, தோலில்தான் இருக்கும்.

வெளியே புழுக்கம், உள்ளே ஏர்கான். வேர்த்த மார்பில் எலக்ட்ரோடு பிடிக்காது. குளிரில் உடல் நடுங்கினால் கோடும் நடுங்கும். நெஞ்சு வலிக்கிறதே என்று கோடாலித் தைலம் தேய்த்துக்கொண்டு வரும் பெரியவர்களுக்கு முதலில் சோப்புநீரால் துடைத்து, ஈரம் போக ஒற்றியெடுங்கள். பிறகு காய்ந்த காஸ் துணியால் இரண்டு மூன்று முறை லேசாகத் தேயுங்கள். ரோமம் அடர்த்தியாக இருந்தால் ஒட்டும் இடத்தில் மட்டும் கத்தரியுங்கள். கால்களுக்கு ஒரு போர்வை போர்த்துங்கள்.

கை கால்களுக்கு நான்கு போக, மார்பில் ஒட்டும் ஆறுக்கு வி1 முதல் வி6 வரை பெயர். அவற்றில் அதிகம் தவறுவது வி1, வி2. கழுத்துக்குழியிலிருந்து விரலைக் கீழே இறக்கினால் மார்பெலும்பில் ஒரு மேடு தட்டும். அதையொட்டியது 2ஆம் விலா, அதன் கீழே 2ஆம் இடைவெளி. இன்னும் இரண்டு இடைவெளி இறங்கி, 4ஆவதில் மார்பெலும்பின் வலப்பக்கம் வி1, இடப்பக்கம் வி2. மேலே ஒட்டிவிட்டால் பழைய மாரடைப்புபோல் தோன்றி, நலமாக இருப்பவரைக் கலங்கடிக்கும். வி3க்கு முன் வி4ஐ ஒட்டுங்கள்: 5ஆம் இடைவெளி, இடது காறை எலும்பின் நடுப்பகுதிக்கு நேர் கீழே. வி3, வி2க்கும் வி4க்கும் நடுவில். வி5, வி6 விலாவின் வளைவைப் பின்பற்றாமல் வி4இன் மட்டத்திலேயே போகவேண்டும்.

கோட்டில் இரைச்சல், அதாவது தேவையற்ற நடுக்கம், வந்தால் எல்லாவற்றையும் பிய்க்காதீர்கள். கை கால் எலக்ட்ரோடுகளை இரண்டிரண்டாக ஒப்பிட்டு வரும் கோடுகள்தான் தாளில் உள்ள லீட் 1, 2, 3. லீட் 1, 2இல் இரைச்சல், 3 தெளிவு என்றால் வலக்கையை மட்டும் பாருங்கள். 1, 3 என்றால் இடக்கை. 2, 3 என்றால் இடக்கால். எல்லாவற்றிலும் என்றால் வலக்கால். லீட் 1இல் எல்லா அலையும் தலைகீழாக இருந்தால் கைக் கம்பிகள் மாறியிருக்கலாம்.

நடுக்கத்தை மறைக்க, வேகமான அதிர்வுகளை வடிகட்டும் 40 ஹெர்ட்ஸ் ஃபில்டரைக் கருவியில் உடனே போடுவது நல்லதல்ல, கோட்டின் கூர்முனைகளை மழுக்கிவிடும். முதலில் நோயாளியை அமைதிப்படுத்துங்கள். "கையைத் தளர்வா விடுங்க, மூச்சை எப்பவும்போல விடுங்க" என்று தமிழில் சொன்னாலே பல ஊழியர்களின் தோள்கள் இறங்கிவிடும்.

திறந்த எலக்ட்ரோடு பையின் வாயை மடித்து ஜிப் பையில் போட்டு, திறந்த தேதியை எழுதிவையுங்கள். ஜெல் காய்ந்துவிட்டால் கோடு அலையும். ஒருவருக்கு ஒட்டியதை இன்னொருவருக்கு ஒட்டவே கூடாது.

நெஞ்சுவலியோடு வருபவருக்கு 10 நிமிடத்துக்குள் இசிஜி எடுத்துவிட வேண்டும். அழகான கோட்டுக்காகக் காத்திருந்து ஆம்புலன்ஸ் எண்ணான 995க்கு அழைப்பதைத் தள்ளிப்போடாதீர்கள். முதல் தாள் சரியாக இருந்தாலும் மாரடைப்பு இல்லை என்று முடிவுகட்ட முடியாது. வலி நீடித்தால் திரும்ப எடுங்கள். இசிஜி அச்சாகும் வெப்பத்தாள் மங்கிவிடும் என்பதால் அன்றே ஸ்கேன் செய்து, பெயர், நேரம், அப்போது வலி இருந்ததா என்பதையும் எழுதிவிடுங்கள்.