ஜீப்பைத் தூக்கிக் கட்டலாமா? சட்டம் எதுவரை விடும், நம் பட்ஜெட்டுக்கு எது போதும்

உச்சிப்புளி, மண்டபம் பக்கம் பழைய ஜீப் வைத்திருப்பவர்கள் என்னைப் பார்த்தால் கேட்பது ஒன்றுதான், ரெண்டு இஞ்ச் தூக்கிக் கட்ட எவ்வளவு ஆகும்ணே? எவ்வளவு ஆகும் என்பதற்கு முன்னால் கட்டலாமா என்று ஒரு கேள்வி இருக்கிறது, அதை ஒருத்தரும் கேட்பதில்லை. பிரேக் இன்ஸ்பெக்டர் கையைக் காட்டி ஓரம் கட்டச் சொல்லும்போதுதான் அது ஞாபகத்துக்கு வருகிறது. அதனால் முதலில் சட்டம், அப்புறம் செலவு.

மோட்டார் வாகனச் சட்டம் 1988-ல் 52-வது பிரிவு என்று ஒன்று இருக்கிறது. வண்டியின் உரிமையாளர், ஆர்சி புக்கில் உள்ள விவரங்கள் தயாரித்த கம்பெனி முதலில் குறிப்பிட்டதிலிருந்து மாறிப்போகும்படி வண்டியை மாற்றக்கூடாது என்பதுதான் அதன் சாரம். மாற்றம் என்றால் என்ன என்பதையும் அதே பிரிவு சொல்லிவிடுகிறது: வண்டியின் கட்டமைப்பில் கை வைத்து, அதனால் அதன் அடிப்படைத் தன்மை மாறினால் அது மாற்றம். விதிவிலக்குகள் கொஞ்சம்தான். சிஎன்ஜி, எல்பிஜி, பேட்டரி என்று எரிபொருளை மாற்றும் அங்கீகரிக்கப்பட்ட கிட், மாற்றுத்திறனாளிகள் ஓட்டுவதற்காகப் பதிவு அதிகாரியின் ஒப்புதலோடு செய்யும் மாற்றம், அந்த மாதிரி. கடற்கரை மணலில் ஓட்ட ஆசையாக இருக்கிறது என்பது அந்தப் பட்டியலில் இல்லை.

இங்கே எல்லாரும் ஒரு வாதம் வைப்பார்கள், நானும் ஒரு காலத்தில் வைத்தேன். ஆர்சியில் இன்ஜின் நம்பர், சேஸிஸ் நம்பர், வீல்பேஸ், சீட், காலி எடை எல்லாம் இருக்கிறது, தரையிலிருந்து வண்டி எவ்வளவு உயரம் என்று எங்கேயும் இல்லையே, அப்படியானால் ஸ்பிரிங்கை மாற்றினால் எந்த விவரம் மாறிப்போச்சு? கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் 2019 ஜனவரியில் கேரளாவிலிருந்து போன ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கிவிட்டது: கம்பெனி முதலில் கொடுத்த விவரக்குறிப்புக்கு மாறாக வண்டியை மாற்ற முடியாது, மத்திய விதிகளின்படி சோதனை செய்து ஒப்புதல் வாங்கிய மாதிரி எதுவோ அதுதான் அளவுகோல். ஒவ்வொரு மாடலும் விற்பனைக்கு வருவதற்கு முன்னால் புனே, மனேசர், நம்ம ஒரகடம் மாதிரி இடங்களில் இருக்கும் சோதனை மையங்களில் ஏறி இறங்கித்தான் வருகிறது. பிரேக், ஸ்டியரிங் எல்லாம் ஒரு குறிப்பிட்ட உயரத்தில், ஒரு குறிப்பிட்ட ஸ்பிரிங்கில் வைத்துப் பார்த்தவை. நாம் பட்டறையில் ரெண்டு இஞ்ச் ஏற்றிய வண்டியை யாரும் சோதிக்கவில்லை. அதே பிரிவில், மாற்றம் செய்தால் பதினாலு நாளுக்குள் ஆர்டிஓ ஆபீஸில் தெரிவிக்க வேண்டும் என்று ஒரு வரி உண்டு. தெரிவித்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று சிலர் நம்புகிறார்கள். அனுமதிக்கப்பட்ட மாற்றத்தைப் புத்தகத்தில் ஏற்றுவதற்கான வழி அது, அனுமதி இல்லாததை அனுமதி ஆக்கும் வழி இல்லை.

அபராதம் 182ஏ பிரிவின் நாலாவது உட்பிரிவில் இருக்கிறது, 2019 செப்டம்பர் 1 முதல் அமலில். அனுமதி இல்லாத மாற்றத்துக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய், அல்லது இரண்டும். 'ஒவ்வொரு மாற்றத்துக்கும்' என்பதைத் திரும்ப ஒரு தடவை படியுங்கள். தூக்கிக் கட்டிய லிஃப்ட் ஒன்று, அளவு மீறிய டயர் ஒன்று, முன்னால் இரும்புக் குழாய் பம்பர் ஒன்று என்று எண்ண ஆரம்பித்தால் கணக்கு 15,000-க்குப் போய்விடும், பாதிப் பேர் லிஃப்டுக்கு ஒதுக்கும் பட்ஜெட்டே அவ்வளவுதான். பார்ட்ஸைப் 'பின்னாளில் பொருத்துவது' என்பதும் இந்தப் பிரிவில் சேர்த்தே எழுதப்பட்டிருக்கிறது, அதனால் வெட்டி ஒட்டவில்லை, போல்ட் போட்டுத்தான் மாட்டினேன் என்பது பதிலாகாது. அந்த முன் பம்பர் விஷயத்தில் விவாதத்துக்கே இடமில்லை, சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரிலேயே வேண்டாம் என்று மாநிலங்களுக்கு எழுதிவிட்டது.

சரி, நான் ரோட்டில் ஓட்டவே மாட்டேன், கடற்கரையில் மட்டும்தான் என்று ஒருவர் சொன்னார். பொது இடம் என்றால் தார் ரோடு மட்டும் இல்லை. பொதுமக்கள் போய்வர உரிமை உள்ள எந்த வழியும் இடமும், அது பாதையாக இருந்தாலும் இல்லாவிட்டாலும், சட்டப்படி பொது இடம். சேதுக்கரை மணலும் பொது இடம், ஊர்க் கண்மாய்க்கரையும் பொது இடம். பட்டா போட்டு வேலி அடைத்த உங்கள் சொந்தத் தென்னந்தோப்புக்குள் என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள், ஆனால் தோப்புக்கு வண்டி எப்படிப் போகும்? ரோட்டில்தானே.

அப்படியானால் ஒன்றுமே செய்ய முடியாதா? முடியும், அதுவும் மலிவாக. பழைய கமாண்டர், மேஜர், ஜிப்ஸி எல்லாம் முன்னும் பின்னும் பட்டை ஸ்பிரிங் (வளைந்த இரும்புப் பட்டைகளை அடுக்கிய லீஃப் ஸ்பிரிங்), பொலிரோவுக்குப் பின்னால் பட்டை. பத்துப் பதினைந்து வருஷம் வலையும் ஐஸ் பெட்டியும் உப்பு மூட்டையும் ஏற்றிய பட்டை தளர்ந்து, வளைவு போய், கிட்டத்தட்டத் தட்டையாகிக் கிடக்கும். அந்த வண்டி கம்பெனியிலிருந்து வந்த உயரத்தைவிட ஒரு இஞ்ச்சோ அதற்கு மேலோ ஏற்கெனவே தாழ்ந்திருக்கும். அதைப் பழைய உயரத்துக்குக் கொண்டுவருவது மாற்றம் இல்லை, பழுது பார்ப்பது. கம்பெனி அளவிலேயே புதுப் பட்டை போடலாம், காசு பற்றாதென்றால் ஸ்பிரிங் பட்டறையில் பழைய பட்டையை அடித்து வளைவு ஏற்றித் தருவார்கள், கொஞ்ச நாளில் மறுபடி தளரும், ஆனாலும் செலவு குறைவு. அதோடு புஷ், ஷாக்கில் (பட்டையின் முனையைச் சேஸிஸோடு இணைக்கும் துண்டு) பின், ஷாக் அப்சார்பர் மூன்றையும் கம்பெனி அளவில் மாற்றுங்கள். நான் பார்த்தவரை லிஃப்ட் வேண்டும் என்று வந்தவர்களில் நிறையப் பேருக்குத் தேவைப்பட்டது இதுதான். டேப்பை எடுத்துச் சக்கர நடுவிலிருந்து ஃபெண்டர் விளிம்புவரை நாலு பக்கமும் அளந்து பாருங்கள், டிரைவர் பக்கம் மட்டும் தாழ்ந்திருந்தால் பட்டை போய்விட்டது என்று அர்த்தம்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். பழைய ஜீப் ஒன்று வாங்கின புதிதில் ஒரு பட்டறையில் நீள ஷாக்கில் போட்டால் போதும்ணே, சில நூறு ரூபாயில் முடிஞ்சிடும் என்றார்கள், நானும் தலையாட்டினேன். ஷாக்கிலை ரெண்டு இஞ்ச் நீட்டினால் வண்டி ஒரு இஞ்ச்தான் ஏறும், அது அப்போது எனக்குத் தெரியாது. முன்னாலும் போட்டதில் ஆக்ஸில் லேசாகத் திரும்பிக்கொண்டு ஸ்டியரிங் நேராகவே நிற்கவில்லை, பாம்பன் பாலத்தின் மேல் காற்று ஒரு பக்கம் தள்ள, வண்டி ஒரு பக்கம் இழுக்க, பாலம் முடியும்வரை மூச்சை விடவில்லை. அடுத்த வாரமே கழற்றிப் பழையதைப் போட்டேன். அந்தப் பழைய ஷாக்கில்களைத் தூக்கி எறியாமல் வைத்திருந்ததுதான் நான் செய்த ஒரே புத்திசாலித்தனம்.

கட்டை வைத்துத் தூக்குவது, காயில் ஸ்பிரிங் வண்டிக்கு ஸ்பேசர் வைப்பது, ஸ்பிரிங் வேலை செய்யும் டார்ஷன் பார் கம்பியை முறுக்குவது, சேஸிஸுக்கும் பாடிக்கும் நடுவில் பக் என்ற வட்டக் கட்டை வைப்பது என்று மலிவு வழிகள் இன்னும் உண்டு. எல்லாவற்றிலும் ஏறுவது வண்டியின் உடம்புதான். பட்டை ஸ்பிரிங் ஜீப்பிலும் மாருதி ஜிம்னியிலும் முன்னும் பின்னும் நேர் ஆக்ஸில், ஜீப்பை எவ்வளவு தூக்கினாலும் ஆக்ஸிலுக்கு நடுவில் தொங்கும் டிஃபரன்ஷியல் என்ற பல்சக்கரப் பெட்டி இருந்த இடத்திலேயே இருக்கும். கல்லில் இடிப்பதும் மணலில் உழுவதும் அதுதான். அது மேலே போக டயர் பெரிதாக வேண்டும், டயர் விட்டம் ரெண்டு இஞ்ச் கூடினால் ஆக்ஸில் ஒரு இஞ்ச் ஏறும். லிஃப்ட் போட்டவுடன் பிரேக் ஹோஸ் இழுபடும், ஷாக் அப்சார்பர் நீளம் பற்றாது, புரொப்பல்லர் ஷாஃப்ட் கோணம் மாறி யூனிவர்சல் ஜாயின்ட் தேயும், ஹெட்லைட் எதிரே வருபவன் கண்ணில் அடிக்கும். மலிவு கிட்டின் விலை வெறும் முன்பணம்தான், மீதி பின்னால் தவணை தவணையாக வரும்.

மணலுக்கு வருவோம், நம் ஊரில் ஆஃப் ரோடு என்றால் முக்கால்வாசி மணல்தானே. மணலில் வண்டி புதைவது உயரம் பற்றாமல் இல்லை, டயர் காற்று அதிகமாக இருப்பதால். முப்பது சொச்சத்தில் இருக்கும் காற்றைப் பதினாறு, பதினெட்டு பிஎஸ்ஐ-க்கு இறக்கினால் டயர் பரவி மணல் மேல் மிதக்கும். பதினைந்துக்குக் கீழே போகாதீர்கள், திருப்பத்தில் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும். திரும்பி ரோட்டில் ஏறும் முன் காற்றை ஏற்றிவிட வேண்டும், தாழ்ந்த காற்றில் வேகமாகப் போனால் டயர் சூடேறி வெடிக்கும். ஒரு காற்று மானி, ஒரு பன்னிரண்டு வோல்ட் கம்ப்ரசர், ஒரு மண்வெட்டி, ஒரு இழுவைக் கயிறு, இவ்வளவுக்கும் சில ஆயிரம்தான், எந்தப் பிரிவிலும் அபராதம் கிடையாது. தனுஷ்கோடிக்கு ரோடு வருவதற்கு முன்னால் முகுந்தராயர் சத்திரத்திலிருந்து சுற்றுலாப் பயணிகளை ஏற்றிக்கொண்டு மணலிலும் தண்ணீரிலும் ஓடிய வேன்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அவை லிஃப்ட் கிட்டை நம்பி ஓடவில்லை, வழித்தடம் தெரிந்த கையை நம்பி ஓடின.

டயரை மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் கம்பெனி உங்கள் மாடலுக்குக் கையேட்டில் குறிப்பிட்டிருக்கும் அளவுக்குள்ளேயே நில்லுங்கள். அளவு அதேதான், ஆனால் ஆல் டெரெய்ன் தடம் உள்ளது என்று எடுத்தால் சட்டமும் தொந்தரவு செய்யாது, ஸ்பீடோமீட்டரும் பொய் சொல்லாது. புதிதாக வண்டியே வாங்கப்போகிறவர்கள் தரை உயரத்தைக் கடையிலேயே வாங்கிவிடுவது நல்லது, புது மஹிந்திரா தாருக்கு 226 மில்லிமீட்டர், ஜிம்னிக்கு 210, நம் கடற்கரைக்கு இதற்கு மேல் எதற்கு என்று எனக்குத் தெரியவில்லை.

இன்சூரன்ஸ் பற்றி ஒரு வரி. மாற்றத்தைச் சொல்லாமல் மறைத்திருந்தால் விபத்துக்குப் பின் வரும் சர்வேயர் முதலில் பார்ப்பது அதைத்தான், உங்கள் வண்டிச் சேதத்துக்கான பணம் அங்கேயே சிக்கும். அப்புறம் பதினைந்து வருஷம் முடிந்து ஆர்சியைப் புதுப்பிக்கக் கொண்டுபோகும்போது வண்டியை நேரில் பார்ப்பார்கள். பழைய ஜீப் வாங்குகிறவர்கள், முன்னால் இருந்தவர் செய்துவைத்த மாற்றத்துக்கும் அன்றைக்குப் பதில் சொல்ல வேண்டியது நீங்கள்தான் என்பதை விலை பேசும்போதே மனதில் வையுங்கள்.

தனுஷ்கோடிப் பக்கம் இன்னொரு சட்டமும் சேர்ந்துகொள்கிறது. 2017-ல் அரிச்சல்முனை வரை ரோடு திறந்தாகிவிட்டது, ரோட்டில் போவதில் வம்பு ஒன்றும் இல்லை. ரோட்டை விட்டு மணலில் இறங்குவதுதான் வம்பு. 2025-ல் அங்கே பூநாரைகளுக்காகச் சரணாலயம் அறிவித்திருக்கிறார்கள். ஜனவரியிலிருந்து மார்ச், ஏப்ரல் வரை பங்குனி ஆமை கரையேறி முட்டையிடும், குழி எங்கே இருக்கிறது என்று மேலே இருந்து பார்த்தால் தெரியாது. 1972 வனவிலங்குச் சட்டத்தில் ஆமை முட்டையைச் சேதப்படுத்துவதும் கூட்டைக் கலைப்பதும் வேட்டை என்ற சொல்லுக்குள்ளேயே வருகிறது. துப்பாக்கி வேண்டாம், ஒரு டயர் போதும்.

கடைசியாக உப்பு. புதுப் பட்டை போட்டாலும் சரி, கடல் தண்ணீரில் இறங்கிவிட்டு அப்படியே கொண்டுவந்து நிறுத்தினால் பட்டைகளுக்கு நடுவில் துரு ஏறிக்கொண்டே போய் ஒரு நாள் பள்ளத்தில் விழும்போது நடுவில் முறியும், யு போல்ட் மரையும் இறுகிப்போய் கழற்ற வராது. அன்றைக்கு அன்றே அடியில் நல்ல தண்ணீர் அடித்துக் கழுவிவிட வேண்டும், காய்ந்ததும் பட்டைக்கு நடுவில் கிரீஸ். போர் தண்ணீர் பல ஊர்களில் உவர்ப்பு, அதில் கழுவிப் பயனில்லை. எங்கள் வீட்டில் குடிக்கிற தண்ணீரையே குடம் குடமாகக் காசு கொடுத்துத்தான் வாங்குகிறோம், அதில் நாலு குடத்தை ஜீப்புக்கு அடியில் ஊற்றும்போது வீட்டுக்காரி பார்க்கிற பார்வைக்கு எந்தப் பிரிவிலும் விலக்கு இல்லை.