ஃபிரீசரில் வைத்த மீனில் நான் எதைப் பார்ப்பது?

இந்த மாதத்தில் இது மூன்றாவது முறை. நிபோங் திபாலில் கூண்டுப் பண்ணை வைத்திருக்கும் ஓர் அண்ணன் ஐஸ்கிரீம் டப்பாவில் மெலிந்துபோன ஆறு சியாக்காப் (கொடுவா) மீன்களைக் கொண்டுவந்தார். மூன்று நாள் ஃபிரீசரில் கிடந்து கல்லாகிப் போனவை. "டாக்டர், வயித்தக் கிழிச்சுப் பார்த்துட்டேன். ஒரு புழுகூட இல்ல. தீவனத்துலதான் கோளாறு" என்றார்.

அண்ணே, கண்ணில் பட்டால்தான் ஒட்டுண்ணி என்று யார் சொன்னது? நாடாப்புழு கண்ணில் படும். காக்சிடியா படாது. அது ஒற்றைச் செல் உயிரி. அதன் முட்டைக்கூடு பல இனங்களில் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குதான். அதுவும் குடல் உள்வரிச் செல்களிலேயே குடியிருக்கும். குடலைக் கிழித்து வெயிலில் பிடித்தாலும் தெரியாது. 'புழு இல்லை, அதனால் ஒட்டுண்ணி இல்லை' என்று நீங்கள் முடிவு கட்டும் நாளில் அது அடுத்த செல்லுக்குப் போய்க்கொண்டிருக்கும்.

மீன் விழுங்கிய கூட்டிலிருந்து வெளிவரும் உயிரி ஒரு செல்லில் புகுந்து, வளர்ந்து, பலவாகப் பிரிந்து, அதை உடைத்துக்கொண்டு பக்கத்துச் செல்களுக்குப் பரவும். அப்புறம் ஆண், பெண் வடிவங்கள் உண்டாகி இணைந்து புதிய கூடுகள் உருவாகும். ஒரு கூட்டில் நான்கு சிற்றுறைகள், ஒவ்வோர் உறையிலும் இரண்டு உயிரிகள். கோழியின் காக்சிடியா எச்சத்தோடு வெளியே வந்த பிறகுதான் முதிரும். மீனில் பல இனங்கள் உடலுக்குள்ளேயே முதிர்ந்து, தொற்றத் தயாராகவே வெளிவருகின்றன. சில ஒட்டுண்ணிகள் நத்தை வழியாக மீனுக்கு வரும் என்பதால் 'எங்க தண்ணியில நத்தையே இல்ல' என்பீர்கள்; இங்கே அதனால் பயன் இல்லை. நெருக்கமான கூண்டில் ஒரு மீனின் கழிவு இன்னொன்றின் வாய்க்குப் போனாலே போதும். உள்வரி சேதமான மீன் தின்றாலும் உடம்பில் ஒட்டாது. தலை மட்டும் பெரிதாகத் தெரியும், முதுகு கத்தி போல மெலிந்துவிடும்.

சரி, ஃபிரீசருக்கு வருவோம். நம் பினாங்கு வெக்கையில் மீன் செத்துக் கொஞ்ச நேரத்திலேயே குடல் உள்வரி வெந்த தக்காளித் தோலாக உரியத் தொடங்கிவிடும். உறையவைத்தால் மிச்சமிருக்கும் செல்களையும் பனித்துகள் கிழித்துவிடும். பிறகு நான் நுண்ணோக்கியில் பார்ப்பது வெறும் கூழ்.

தயவுசெய்து மெலிந்த, ஆனால் இன்னும் நீந்துகிற மீன் நான்கைந்தை ஆக்சிஜன் நிரப்பிய பையில் உயிரோடு கொண்டுவாருங்கள். கொழுத்த மீன் ஒன்றையும் ஒப்பிட எடுத்து வாருங்கள். முடியாவிட்டால் என்னைக் கூப்பிடுங்கள். ஃபார்மலின் (திசுவைக் கெடாமல் வைக்கும் திரவம்) பாட்டில் தருகிறேன். மீனைக் கொன்ற உடனேயே குடலை வெட்டி அதில் போட வேண்டும், மதியச் சாப்பாடு முடிந்த பிறகு அல்ல. கையுறை கட்டாயம்.

அதுவரை கடையில் கிடைக்கும் புழு மருந்தைக் கொட்டாதீர்கள். பிராசிக்வான்டெல் நாடாப்புழுவுக்கு நல்ல மருந்து, காக்சிடியாவை அது ஒன்றும் செய்யாது. செத்த மீனைத் தண்ணீரிலேயே விடாதீர்கள், மற்றவை கொத்தித் தின்னும். ஒரு கூண்டில் போட்ட வலையை உலர்த்தாமல் அடுத்த கூண்டில் போடாதீர்கள்.