'சோ' என்பது நகரம் அன்று, பேரூர்

"ஜப்பானின் கமிகட்சு நகரத்தில் குப்பையை 45 வகையாகப் பிரிக்கிறார்கள்." சுற்றுச்சூழல் பற்றித் தமிழில் வரும் கட்டுரைகளில் இந்த வரி திரும்பத் திரும்ப வருகிறது. எண்ணிக்கை இருக்கட்டும். நகரம் என்பதுதான் தவறு.

கமிகட்சுவின் பெயரோடு ஜப்பானியர் சேர்த்துச் சொல்வது 'சோ'. அதே எழுத்துக்கு 'மாச்சி' என்றும் ஒலிப்பு உண்டு. எழுத்தின் இடப்பாதி வயலைக் குறிக்கும், வலப்பாதி ஒலியைக் காட்டும். சீனத்தில் பழைய பொருள் வயல் வரப்பு. ஜப்பானில் நில அளவையுமானது; ஒரு சோ ஏறக்குறைய ஒரு ஹெக்டேர். கடைத்தெருவுக்கும் அதுவே பெயர். 1889இல் நடைமுறைக்கு வந்த உள்ளாட்சிச் சட்டத்தில் ஊராட்சிக்கு மேலே, நகரத்துக்குக் கீழே உள்ள நிலைக்கு அந்தச் சொல்லையே வைத்தார்கள்.

இனி அந்த 'நகரத்தை'ப் பாருங்கள். ஷிகோக்கு தீவின் தொக்குஷிமா மாகாணத்தில், கட்சூரா ஆற்றின் மேற்பகுதியில் இருக்கிறது. 1955இல் தகாஹோகோ, ஃபுகுஹாரா என்ற இரண்டு சிற்றூர்களை இணைத்து உண்டாக்கினார்கள். பரப்பு சுமார் 110 சதுர கிலோமீட்டர். அதில் பத்தில் ஒன்பது பங்கு காடு. மக்கள் 1,500 பேர்கூட இல்லை. அவர்களும் மலைச்சரிவில் 55 குடியிருப்புகளாகச் சிதறி வாழ்கிறார்கள். 1981இல் அடித்த கடுங்குளிரில் ஆரஞ்சுத் தோட்டங்கள் கருகின. 1986 முதல் மூதாட்டிகள் மேப்பிள் இலையையும் பூங்கொத்தையும் பறித்து, உணவுத் தட்டை அலங்கரிக்க உணவகங்களுக்கு விற்கிறார்கள்.

இப்படிப்பட்ட ஊரை நகரம் என்றதும் வாசகர் மனதில் பேருந்து நிலையமும் குப்பை லாரியும் வந்து நிற்கின்றன. கமிகட்சுவில் வீடு வீடாகக் குப்பை அள்ளும் லாரியே கிடையாது. மக்களே கழுவி, காயவைத்து, கழிவு சேகரிப்பு நிலையத்துக்குக் கொண்டுபோய்ப் பிரித்துப் போடுகிறார்கள். 1990களின் பிற்பகுதி வரை குப்பையைத் திறந்தவெளியில் எரித்து வந்தார்கள்; 2003இல் கழிவில்லா ஊராகும் இலக்கை அறிவித்தார்கள். சிதறிய மலைக்குடியிருப்புகளும் காசில்லாத சிறிய உள்ளாட்சியுமாக இருந்ததால்தான் இந்த வழிக்கு வந்தார்கள். கட்டுரை சொல்ல வந்த காரணத்தையே 'நகரம்' என்ற சொல் மறைத்துவிடுகிறது. வடசொல் என்பதற்காக நான் அதைத் தள்ளவில்லை. பொருள் கெடுகிறது என்பதால் தள்ளுகிறேன்.

'சிறுநகரம்' என்று போட்டால் போதாதா என்பார்கள். போதாது. நகரம் என்ற படத்தைச் சுருக்கிக் காட்டுவதால் படம் மாறிவிடாது. 55 குடியிருப்புகளைச் சேர்த்தாலும் அங்கே சிறிய நகரம்கூட இல்லை. மேலும், சிறுநகரம் என்பது அளவைச் சொல்கிறது. சோ என்பது நிலையைச் சொல்கிறது. ஜப்பானியச் சட்டப்படி நகரமாவதற்கு அடிப்படை நிபந்தனை 50,000 மக்கள். ஆனால் ஒருமுறை நகரமாகிவிட்டால் மக்கள் குறைந்தாலும் நிலை போவதில்லை. அப்படிச் சுருங்கிப்போன உண்மையான நகரங்களை என்னவென்று எழுதுவீர்கள்?

இன்னொரு சாரார் 'கிராமம்' என்கிறார்கள். இது காட்சிக்கு நெருக்கம்தான். ஆனால் ஜப்பானில் கிராமத்துக்கு 'சோன்' என்று தனி நிலை இருக்கிறது. தொக்குஷிமாவில் மிஞ்சியிருக்கும் ஒரே சோன் சனாகோச்சி. கமிகட்சுவும் கிராமம், சனாகோச்சியும் கிராமம் என்றால் ஒரே மாகாணத்துக்குள்ளேயே வேறுபாடு அழிந்துபோகும்.

நம்மிடம் ஊராட்சி, பேரூராட்சி, நகராட்சி என்ற அடுக்கு ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. சோன் சிற்றூர், சோ பேரூர், ஷி நகரம். பேரூர் சங்கப் பாட்டிலேயே வரும் சொல். புதிதாக உருவாக்க வேண்டியதும் இல்லை. 1,500 பேர் இல்லாத இடம் எப்படிப் பேரூர் என்று கேட்கலாம். பேரூராட்சி என்னும்போது நாம் தலையை எண்ணுவதில்லை, நிர்வாகப் படியைத்தான் சொல்கிறோம். அதுவே இங்கும். முக்கியமாக, பேரூருக்குள் 'ஊர்' இருக்கிறது. வயலும் சரிவும் அதற்குள் அடங்கும். அதன் தலைவரை மேயர் என்று எழுதுவதையும் நிறுத்தலாம். பேரூர்த் தலைவர் போதும்.

ஒன்றை மட்டும் பிரித்துப் பார்க்க வேண்டும். பெருநகரங்களுக்குள் வரும் சோ வேறு. டோக்கியோவின் காஜிச்சோ கொல்லர்கள் இருந்த பகுதி, கொன்யாச்சோ சாயக்காரர்கள் இருந்த பகுதி. அங்கே நகரமும் பொருந்தாது, பேரூரும் பொருந்தாது. 'பேட்டை' அச்சாகப் பொருந்தும். ஆங்கிலத்தில் எல்லாவற்றுக்கும் ஒரே சொல்லைக் கண்டு, ஒரே தமிழ்ச் சொல்லை ஒட்டிவிட்டு நகரும் மொழிபெயர்ப்பாளர்கள் 'கமிகட்சுச்சோ நகரம்' என்று வேறு எழுதுகிறார்கள். சோ உள்ளே இருக்கும்போது பின்னால் இன்னொன்று எதற்கு? கமிகட்சுப் பேரூர் என்று எழுதுங்கள்.