வளர்ந்து வளர்ந்தே திறக்கும் துலிப்

ஏப்ரல் மாத நெதர்லாந்து. வீட்டுத் தோட்டத்தில் துலிப் வைத்திருப்பவர் விடியற்காலையில் போய்ப் பார்த்தால் பூவெல்லாம் கூம்பி நிற்கும். வெயில் ஏறியதும் அதே பூக்கள் கிண்ணம்போல விரிந்துவிடும். பொழுது சாய்ந்து குளிர் இறங்கினால் மறுபடி கூம்பும். சில நாட்களுக்கு இப்படியே நடக்கும்.

வெளிச்சத்தைக் கண்டு திறக்கிறது என்றுதான் தோன்றும். ஆனால் முதன்மையான காரணம் சூடு. ஜப்பானில் பணிபுரிந்த ஆய்வாளர்கள் 2004இல் வெளியிட்ட ஆய்வில், 5 டிகிரி செல்சியஸ் குளிரில் மூடியிருந்த பூக்கள் 20 டிகிரிக்கு மாற்றியதும் இருட்டிலேயே திறந்தன.

இது எப்படி நடக்கிறது? துலிப் இதழின் உட்பக்கச் செல்களுக்கும் வெளிப்பக்கச் செல்களுக்கும் ஒரே வெப்பநிலை ஒத்துவருவதில்லை. சூட்டில் உட்பக்கம் வேகமாக நீள்கிறது. இதழ் வெளியே வளைந்து பூ திறக்கிறது. குளிரில் வெளிப்பக்கம் முந்துகிறது. இதழ் உள்ளே வளைந்து பூ மூடுகிறது. செல்கள் நீள்வதற்குத் தண்ணீர் வேண்டும். செல் சவ்வில் தண்ணீருக்கென்றே இருக்கும் புரதக் கால்வாய்கள் சூட்டில் மும்முரமாகின்றன என்பதையும் அதே ஆய்வு காட்டியது.

நமக்குப் பழகிய தொட்டாற்சுருங்கியோடு ஒப்பிட்டால் வித்தியாசம் விளங்கும். அதன் இலைக்காம்படிச் செல்கள் தண்ணீரை இழந்து தளர்கின்றன, பிறகு உறிஞ்சிப் பழைய நிலைக்கே திரும்புகின்றன. துலிப்பில் அப்படித் திரும்புவதில்லை. திறப்பதும் வளர்ச்சி, மூடுவதும் வளர்ச்சி. அதனால்தான் முதல் நாள் சிறிதாக இருந்த பூ கடைசி நாட்களில் அவ்வளவு பெரிதாகத் தெரிகிறது. எனக்கு இந்தப் பூவில் மிகவும் பிடித்த செய்தி இதுதான்: ஒவ்வொரு காலையும் நாம் பார்ப்பது நேற்றைய பூவை அல்ல, அதைவிடக் கொஞ்சம் நீண்ட பூவை.

மண்ணுக்குள்ளும் வெப்பநிலையின் ஆட்சிதான். வெங்காயம் போன்ற அந்தக் கிழங்குக்குள் கோடையிலேயே குட்டிப் பூ உருவாகிவிடும். ஆனால் ஏறத்தாழ 12 முதல் 16 வாரம் குளிர் படாவிட்டால் தண்டு நீளாது. பூ குட்டையாக நிற்கும், அல்லது உள்ளேயே கருகிவிடும். மத்திய ஆசிய மலைகளின் கடுங்குளிரில் பிறந்த செடியல்லவா! ஸ்ரீநகரில் தழைப்பதும் சென்னைத் தொட்டியில் தானாகப் பூக்காததும் இதனால்தான். நம் ஊரில் ஆசைப்படுபவர்கள் கிழங்கைக் குளிர்சாதனப் பெட்டியில் வாரக்கணக்கில் வைத்திருந்து நடுகிறார்கள்.

இதழ் உதிர்ந்ததும் விதைக்காயைக் கிள்ளிவிட வேண்டும். இலையை மட்டும் தொடக்கூடாது. நட்ட கிழங்கு தன் சேமிப்பையெல்லாம் செலவழித்துச் சுருங்கிப்போயிருக்கும். அதன் பக்கத்தில் பிறந்த சேய்க்கிழங்குகளுக்கு உணவு அந்த இலைகளிலிருந்துதான் போகிறது. இலை தானாக மஞ்சளாகும்வரை விட்டுவைத்தால், அவற்றில் நன்கு பருத்ததற்குள் கோடையில் அடுத்த ஆண்டின் பூ உருவாகும்.